காசிம் அண்ணன் ஒட்டிய நோட்டீஸ்

காசிம் அண்ணன் இறந்த செய்தியை எனக்குச் சொன்னது ஒரு பேனர். சென்ற வெள்ளிக்கிழமை திலக் நகரிலிருந்து தாராவிக்குப் போய் பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிரே எங்கள் கவுன்சிலர் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நிற்கிறார். அவர் முழங்கைக்குக் கீழே, பாஸ்போர்ட் அளவில் அண்ணன். முந்தின நாளே அடக்கம் முடிந்துவிட்டதாம். அழுகைக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பேனரைக் கிழிக்கக் கை துடித்தது. அண்ணன் படமும் அதில் இருந்ததால் விட்டேன்.

வார்டு ஆபீஸில் அவருடன் வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். அண்ணன் மாநகராட்சியின் தண்ணீர் பில் பாக்கியை வசூலிப்பவர். கவுன்சிலர் தன் கல்யாண மண்டபத்துக்கு வருஷக்கணக்கில் பில் கட்டவில்லை. அவரும் அவருக்கு உதவியாளாக இருந்த நானுமோ இரண்டு பில் தவறிய ஏழைகளின் குழாய்களைத் துண்டித்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் ஒரு பெண் காலிக் குடத்தை அண்ணன் காலடியில் வைத்தாள். "மண்டபத்துல ஃபவுண்டன் ஓடுது, அத வெட்ட மாட்டியளோ?" அண்ணன் அவள் குழாயையும் விடவில்லை. அதற்காக இன்றும் அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அங்கிருந்து நேரே மண்டபத்துக்கு நடந்தார்.

பாக்கிக்காரர் இடத்தில் அண்ணன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். "டீயக் குடிச்சிட்டு எந்த வாயால கேக்கது?" என்பார். மண்டபத்தில் எங்களுக்கு டீ வந்தது. நான் குடித்தேன். அண்ணன் நோட்டீஸை நீட்டினார்.

"அரே பாய், ஊர்க்காரனுக்கேவா நோட்டீஸ்?" என்று கவுன்சிலர் சிரித்தார்.

"ஊர்க்காரர்னாதான் கூச்சமில்லாம கேக்க முடியுது. கட்டிருங்க."

கவுன்சிலர் வாங்கவில்லை. வாங்க மறுத்தால் நோட்டீஸைக் கதவில் ஒட்டி, ரிப்போர்ட்டில் இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கவேண்டும் என்பது விதி. அண்ணன் பையில் எப்போதும் ஒரு டப்பாவில் மைதாப் பசை இருக்கும். மூலை மடங்காமல், நிதானமாக ஒட்டினார். வாட்ச்மேன் முதல் சாட்சி. இரண்டாவது நான். "பேனா எழுதலண்ணே, ஆபீஸ்ல போடுதேன்" என்று ரிப்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். பேனா எழுதியது.

மறுநாள் கதவில் நோட்டீஸ் இல்லை. ஒட்டாமலே ஒட்டியதாகச் சொன்னார் என்று அண்ணன்மேல் விசாரணை வந்தது. வாட்ச்மேனை அதற்குள் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். என்னைக் கேட்டார்கள். "நான் கவனிக்கல சார்" என்றேன். ரிப்போர்ட்டையும் வெளியே எடுக்கவில்லை.

அண்ணனை டிராம்பே பக்கம் மாற்றினார்கள். பொய் சொன்னவர் என்ற பெயரோடுதான் ஓய்வு பெற்றார். கவுன்சிலரின் பாக்கி அப்படியே இருந்தது, ஃபவுண்டனும் ஓடியது. பல வருஷம் கழித்து செம்பூர் ஸ்டேஷனில் எதிர்ப்பட்ட அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பேனாவ மாத்திட்டியாடே?" அவர் சிரிக்கவில்லை.

கவுன்சிலரைத் திட்டிவிட்டுத் தப்பிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. அவர் கொடுக்காதது பணம். நான் கொடுக்காதது ஒரு கையெழுத்து, அதற்குக் காசுகூடச் செலவில்லை.

துக்கம் கேட்கப் போனபோது அண்ணன் வீட்டில் கேட்டு வாங்கிவந்தது அந்தப் பசை டப்பாவை மட்டும்தான். அந்த ரிப்போர்ட் இத்தனை வருஷமும் என் பீரோவில்தான் கிடந்தது. நேற்று அதில் கையெழுத்துப் போட்டேன். கீழே, "ஒட்டினார், நான் பார்த்தேன், பயந்து பொய் சொன்னேன்" என்று எழுதி, நகலெடுத்து வார்டு ஆபீஸில் நீட்டினேன். வாங்க மறுத்தார்கள். ஆபீஸ் கதவிலேயே ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன், மூலை மடங்காமல்.

கிழிப்பதற்குள் போய்ப் பாருங்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும்.