இருபத்தெட்டு நாள் நாத்து

ஒரு கட்டு நாத்தைக் கொண்டுபோய் ஆராய்ச்சிக்கூடத்து மேசைமேல் வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது, இன்று சாயங்காலம் நைனா என்னை ‘மேடம்’ என்று கூப்பிட்ட நொடியில்தான். பெற்ற அப்பா.

எங்கள் நிலம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைச் சுவரை ஒட்டியது. இந்த வருஷம் வயல் முழுக்க, அங்கே ஈயம் உருக்குகிற ஆலையின் கறுப்புத் தூள். மண் பரிசோதிக்கிற இடத்திலேயே மகள் உதவியாளராக இருக்கும்போது என்ன கவலை என்று நைனா மண்ணை அள்ளி என்னிடம் கொடுத்தனுப்பினார். நடலாமா, வேண்டாமா? கேள்வி அவ்வளவுதான்.

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் மூன்று விஞ்ஞானிகள் அதைப் பற்றிப் பேச உட்கார்ந்தார்கள். எவ்வளவு ஆழத்தில் எடுத்த மண் என்றார் முதலாமவர். “ஒரு சாண்” என்றேன். யாருடைய சாண் என்று முக்கால் மணி நேரம் பேசினார். மண்ணில் இருக்கும் மொத்த ஈயமா, வேர் உறிஞ்சக்கூடிய ஈயமா என்று இரண்டாமவர் பிடித்துக்கொண்டார். மூன்றாமவர், முதலில் ‘மாசு’ என்றால் என்னவென்று வரையறுங்கள் என்றார். நான் ஆசை ஆசையாகக் குறிப்பெடுத்தேன். இப்படி மூன்று கூட்டம். நாத்துக்கு இருபத்தெட்டு நாள் ஆகிவிட்டது.

“முத்திக்கினு போவுது. நடவாளுங்க வெள்ளிக்கெழம வராங்க. இன்னா சொல்றாங்க உங்காளுங்க?” நாற்றங்கால் ஓரம் நின்று நைனா கேட்டார்.

வாயைத் திறந்தேன். “ஒரே எடத்து மண்ண வெச்சு முடிவு சொல்ல முடியாது நைனா. கரிமப் பொருளோட அளவப் பொறுத்து, வேருக்குக் கெடைக்கிற ஈயத்தோட விகிதம்...”

நைனா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “சரிங்க மேடம்.”

“இன்னா நைனா, கிண்டலா?”

“எனுக்குப் புரியலம்மா. நாத்துக்காவது புரியுதான்னு கேட்டுப் பாரு.”

அவர் சிரிக்கவில்லை. நடாவிட்டால் அத்தனையும் மாட்டுக்கு. நட்டால், அந்த அரிசியை முதலில் பொங்கித் தின்னப்போவது நாங்கள்தான்.

நாத்துக் கட்டை ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டேன். நாளை காலை முதல் பஸ். நாலாவது கூட்டம் தொடங்குமுன் சேறோடு அதை மேசை நடுவில் வைத்து, “இது உங்க ஊட்டு நெலமா இருந்தா நடுவீங்களா?” என்று கேட்கப்போகிறேன். ‘நிலம்’ என்பதை வரையறுக்கச் சொல்வார்கள். சொல்லட்டும். மூன்று பேரில் ஒருவராவது ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்கிறவரை கட்டை எடுப்பதாக இல்லை.