ஒரு முனை கத்தி, மறுமுனை நெம்புகோல்

மஹய்யாவையில் எங்கள் வீட்டுக்குப் பின்கதவு இல்லை. இனக்கலவரம் வந்தால் பின்ஜன்னல் கம்பியைப் பெயர்த்துத் தப்பலாமென்று, ஒரு முனையில் கத்தியும் மறுமுனையில் நெம்புகோலுமான கருவியொன்றை வாங்கினேன். அரசாங்கத்துக்குப் பொருள் வாங்கியே ஓய்வுபெற்றவன். எடை, எஃகு, விலை எல்லாம் முறைப்படி ஒப்பிட்டேன்.

"இஞ்சேருங்கோ, நெம்பேக்கை எங்க பிடிக்கிறது?" என்றாள் மனைவி.

"உமக்கு விளங்காது" என்றேன்.

கலவரக்காரர்கள் முன்கதவுக்குத் தீ வைத்த அன்று எனக்கு விளங்கியது. நெம்புவதற்குக் கத்தியைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. கம்பி பெயர்ந்தது, இருவரும் தப்பினோம். என் உள்ளங்கை பிளந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் காயத்தைப் பார்த்த பொலிஸ்காரர், "யாருக்குக் குத்தினது?" என்று விசாரித்தார். தீ வைத்தவர்களை எவரும் விசாரிக்கவில்லை.

வீட்டைத் திருத்தியபோது பின்ஜன்னலுக்குக் கம்பியே போடவில்லை. கள்ளன் வந்தால் வரட்டும். அவன் வீட்டைக் கொளுத்துவதில்லை.