சோப்பு தடவிய வில்

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நான்கு பேர் இருந்தோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொருவரும் அந்த வாரம் வாத்தியத்தில் எதை வாசித்துப் பழகினோம் என்று எழுத வேண்டும். நான் கொண்டுவந்த விதி அது. 'இரண்டாம் பக்கம், நாலாவது வரி, விரல் இன்னும் தடுமாறுகிறது' என்று நான் எழுதுவேன். 'ஸ்கேல் மட்டும், வீட்டில் விருந்தாளி' என்று ஒருவர் எழுதுவார். 'பஸ்ஸில் மனசுக்குள் முழுசா வாசிச்சேன்' என்று இன்னொருத்தி.

எங்களில் யாரும் இசையால் பிழைப்பவர்கள் இல்லை. நான் படாளம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கிறவள். கருங்குழியில் சர்ச் பாடகர் குழுவில் இருந்தபோது வயலின் கற்றேன். கல்யாணத்துக்குப் பிறகு பதினைந்து வருடம் பெட்டியைத் திறக்கவில்லை. நாற்பது வயதில் திறந்தேன். குழுவில் நான் இரண்டாம் வயலின். முதல் வயலின், செங்கல்பட்டில் வீட்டு வரைபடம் போட்டுத் தரும் ஒரு பொறியாளர். வயோலா என்பது வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரல் கட்டையானது. அதை வாசிப்பவர் ஒரு கணக்கு ஆசிரியர். நான்காவது வாத்தியம் செல்லோ. அதைக் கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிப்பவள் திருவிடந்தையை ஒட்டிய மீனவக் குப்பத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். அவள் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். ஏன் செல்லோ என்று கேட்டால், அந்தச் சத்தம் காதில் இல்லை, வயிற்றில் கேட்கிறது என்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வளவு பெரிய பெட்டியோடு இரண்டு பஸ் மாறி வருவாள். உள்ளே என்ன பிணமா என்று கண்டக்டர் கேட்காத வாரம் இல்லை.

சர்ச்சுக்குப் பின்னால் இருந்த கூடத்தில் பழகினோம். விசிறியைப் போட்டால் தாள் பறக்கும் என்பதால் வியர்வையிலேயே வாசிப்போம். எடுத்துக்கொண்டது இருநூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் எழுதிய நால்வர் இசை ஒன்று. அதிலும் மெதுவான பகுதி மட்டும். வேகமானதைவிட மெதுவானது கஷ்டம் என்று எங்களுக்குத் தெரிய ஒரு மாதம் ஆனது. வேகத்தில் தப்பு ஓடிவிடும். மெதுவில் அது எதிரே உட்கார்ந்து நம்மையே பார்க்கும்.

மூன்று மாதம் ஆனபோது பொறியாளர் ஒரு செய்தி கொண்டுவந்தார். மாமல்லபுரத்துக்கு முன்னால் கடலோர விடுதி ஒன்றில் கல்யாண வரவேற்பு. தந்திக் கருவிகள் நால்வர் நேரடியாக வாசிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நான்கு சினிமாப் பாட்டு, கடைசியில் எங்கள் மெதுவான பகுதி. சர்ச்சுக்கு வெளியே நாங்கள் வாசிக்கப்போகும் முதல் இடம். சுகாதார நிலையத்தில் எல்லோரிடமும் சொன்னேன். கருநீலத்தில் புடவை எடுத்தேன். அந்த நான்கு பாட்டுகளையும் மாத்திரை எண்ணும்போதுகூட விரல் மேசையில் தட்டிக்கொண்டிருந்தது.

விடுதியில் எங்களை மேடைக்குப் பின்னால் கூட்டிப்போனவன் முப்பது வயதுக்குள் இருப்பான். கையில் வாக்கிடாக்கி. வார்த்தைக்கு வார்த்தை மேடம் போட்டான். எங்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பிறகு ஆளுக்கொரு சின்ன சோப்பை நீட்டினான். விடுதிக் குளியலறையில் வைக்கிற வாசனை சோப்பு.

"ரெக்கார்ட் பண்ண ட்ராக் ரெடியா இருக்கு மேடம். நீங்க சும்மா ஆக்‌ஷன் குடுத்தா போதும். வில்லுல இத லைட்டா தேச்சுக்குங்க, சத்தம் வராது."

வயலின் வாசிக்காதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். வில்லில் இருப்பது குதிரை வால்முடி. அதில் பிசினைத் தேய்த்தால்தான் அது தந்தியைப் பிடிக்கும், தந்தி பேசும். சோப்பைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். அதன்பிறகு அந்த முடியில் பிசின் ஒட்டாது.

செல்லோக்காரி சோப்பை வாங்கவே இல்லை. "எங்களுக்கு வாசிக்கத் தெரியும். அதுக்குத்தான் வந்துகீறோம்" என்றாள்.

"தெரியும் மேடம். ஆனா ரிஸ்க் எடுக்க முடியாது. வந்திருக்கிறவங்க எல்லாம் பெரிய ஆளுங்க."

பொறியாளர் அதற்குள் தேய்க்க ஆரம்பித்திருந்தார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கணக்கு ஆசிரியர் என்னைப் பார்த்தார். செல்லோக்காரியும் என்னைப் பார்த்தாள். நான் சோப்பை உள்ளங்கையில் வைத்தபடி, "கொஞ்சம் இரும்மா" என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. வாத்தியத்தைப் பெட்டியில் வைத்து, தோளில் மாட்டிக்கொண்டு, சமையற்கட்டு வழியாக வெளியே போய்விட்டாள்.

நான் தேய்த்தேன். யாரும் என் கையைப் பிடித்துத் தேய்க்கவைக்கவில்லை. இன்றைக்கும் இதை எழுதும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறேன். என் அப்பா பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை செய்தவர். பெரிய ஆளுங்க என்று யாராவது சொன்னால் அவர் துண்டை இடுப்பில் கட்டுவதைப் பார்த்து எத்தனை முறை அவர்மேல் எரிந்து விழுந்திருக்கிறேன். அரசு வேலை, சொந்த வீடு, கருநீலப் புடவை எல்லாம் இருந்தும் அன்று நான் செய்ததும் அதுதான்.

மேடையில் நான்கு நாற்காலி, மூன்று பேர். பாட்டு ஒலிபெருக்கியில் ஆரம்பித்தது. நான் வில்லை இழுத்தேன், அது பாசி பிடித்த படியில் கால் போல் வழுக்கியது. என் கைக்கும் எனக்குக் கேட்ட சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டாவது பாட்டில் செல்லோ தனியாக வரும் இடம் வந்தது. ஒலிபெருக்கியில் செல்லோ உருகியது. மேடையில் அந்த நாற்காலி காலியாக இருந்தது. கூட்டத்தில் ஒரு தலைகூட அந்தப் பக்கம் திரும்பி, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை. எங்கள் மெதுவான பகுதிக்கு ட்ராக் இல்லை என்பதால் அதைக் கடைசி நேரத்தில் எடுத்துவிட்டார்கள்.

முடிந்ததும் பட்டுப்புடவைக்கார அம்மா ஒருவர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, எத்தனை வருஷப் பயிற்சி என்று கேட்டார். நான் நன்றி சொன்னேன். அந்த நன்றியை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

திரும்பும்போது பொறியாளரின் கார். இன்னும் இரண்டு வரவேற்புக்குக் கேட்டிருக்கிறார்கள் என்று உற்சாகமாகச் சொன்னார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் நான் கத்தினேன். வாழ்க்கையில் வேறு யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை. ஏமாற்றினீர்கள், முன்பே தெரிந்து கூட்டிப்போனீர்கள் என்றேன். அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நிதானமாகக் கேட்டார்: "நாம வாசிச்சிருந்தா அந்தம்மா அழுதிருப்பாங்களா? உங்க ரெண்டாம் பக்கம் நாலாவது வரி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

அது உண்மை என்பதால் கோபம் இரண்டு மடங்கானது. ஆசிரியர் பின்சீட்டில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை சுகாதார நிலையத்தில் நர்ஸ் ஒருத்தி போனை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். யாரோ எடுத்துப் போட்ட வீடியோ. டாக்டர்கூடப் பாராட்டினார். வாசித்தது நான் இல்லை, பதிவு செய்த பாட்டு என்றேன். அடக்கம் என்று நினைத்துச் சிரித்தார்கள். இரண்டாவது முறை சொன்னபோது சிரிப்பு நின்றது.

அடுத்த ஞாயிறு குப்பத்துக்குப் போனேன். செல்லோக்காரி என் போனை எடுக்கவில்லை. வீட்டு வாசலில் அவள் அம்மா ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "நீதானா அது. ஒம் பேச்ச நம்பித்தான் எம் பொண்ணு வந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

நான் பொறியாளரைத் திட்டினேன். விடுதியைத் திட்டினேன், அந்த வாக்கிடாக்கிக்காரனைத் திட்டினேன். அவள் நான் முடிக்கும்வரை கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அவுங்க மேல இன்னாத்துக்குக்கா கோவம்? அவுங்களுக்கு எது வாசிக்கிறது, எது வாசிக்காததுன்னே தெரியாது. ஒங்களுக்குத் தெரியும். நீங்க ஒக்காந்துகினு இருந்தீங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். சரிக்கா என்றாள், ஆனால் உட்காரச் சொல்லவில்லை. என் வில் என்ன ஆயிற்று என்று கேட்டாள். சாராயம் மாதிரி வாடை அடிக்கிற ஸ்பிரிட்டால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை, சென்னையில் புது முடி கட்டக் கொடுத்திருக்கிறேன் என்றேன். வந்ததும் சொல்லுங்க என்றாள்.

பொறியாளர் குழுவிலிருந்து விலகிவிட்டார். இப்போது வேறு மூன்று பேரோடு விடுதிகளுக்குப் போகிறார் என்று கேள்வி. ஆசிரியர் இரண்டு வாரம் கழித்துத் தானாக வந்தார். என்னைப் போலவே அவரும் வில்லைச் சென்னைக்கு அனுப்பியிருந்தார். நால்வருக்கு எழுதியதை மூவருக்கு மாற்ற அவரும் செல்லோக்காரியும் உட்கார்ந்து தாளில் திருத்தினார்கள். முதல் வயலினின் வரிகள் என் தலையில் விழுந்தன. அவை கழுத்துப் பலகையில் நான் கை வைக்கவே பயப்படும் உயரத்தில் இருந்தன. நான்கு மாதம் காலை ஐந்தரைக்கு எழுந்து அந்த ஒரு பக்கத்தையே வாசித்தேன். கோபம் இல்லையென்றால் எழுந்திருக்க மாட்டேன்.

போன மாதம் ஞாயிறு மதியம் அதே கூடத்தில் வாசித்தோம். முப்பது நாற்காலி போட்டோம், பதினோரு பேர் வந்தார்கள். செல்லோக்காரியின் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்தார், என் கணவர் பின்வரிசையில். உயரமான இடத்தில் என் விரல் ஒரு நூலளவு கீழே விழுந்தது, சுருதி பிசகியது, எல்லோருக்கும் கேட்டது. நிறுத்தாமல் மேலே போனேன். முடிவை நெருங்கும்போது மூன்று வாத்தியமும் ஒன்றாக மூச்சு விட்டது போல் ஓர் இடம் வந்தது. சேர்ந்து பழகிய நாளிலிருந்து அப்படி ஒரு முறைகூட வந்ததில்லை. செல்லோக்காரி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். இந்த முறை முகத்தை.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர், நல்லவர்தான், தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: "நல்லாதான் இருந்துச்சு. ஆனா அந்த ரிசார்ட் வீடியோவுல இன்னும் க்ளியரா இருந்துச்சு இல்ல?"

அதில் வாசித்தது நான் இல்லை என்று ஏற்கெனவே ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கரண்டியை அவர் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தேன். பெட்டியைத் திறந்து, வில்லின் திருகை முறுக்கி, சுருதி பிசகிய அந்த வரியை அவர் எதிரே நின்று வாசித்தேன். மறுபடியும் பிசகியது. திரும்ப வாசித்தேன். சோறு ஆறிப்போனது. அவர் தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்து கேட்டார்.