பத்துப் புள்ளி விரிசல்

முக்காலி அக்கா (1963–2023). பாலப் பராமரிப்பு அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் புகைப்படப் பதிவாளராகப் பணியாற்றியவர்.

ஒரு காரியம் நடக்க வேண்டுமென்றால் மற்றவர்கள் ஒற்றைக்காலில் நிற்பார்கள், இவர் மூன்று காலில் நிற்பார் என்பது எங்கள் அலுவலகத்தின் பழைய கேலி. கேமராவைக் கையில் பிடித்து எடுத்த படம் ஒன்றுகூட அவருடைய கோப்புகளில் இல்லை. கணக்கர் ஓய்வுபெற்ற நாளன்றும் முக்காலியை விரித்து, ரசமட்டம் பார்த்து, திருகுகளை இறுக்கிய பிறகுதான் படம் எடுத்தார். அதற்குள் கணக்கர் இரண்டு முறை எழுந்து உட்கார்ந்துவிட்டார். எதையும் மூன்று முறை எடுப்பார். மூன்றும் ஒத்துப்போனால்தான் கோப்பில் சேர்ப்பார்.

அவர் பொறுப்பில் பதினேழு பாலங்கள் இருந்தன. அவற்றில் கவலைக்குரியது ஆற்றின் குறுக்கே மில்லுக்குப் போகும், ஒரு வண்டி அகலமே உள்ள பாலம். அதன் இரண்டாம் தூணில், தளத்துக்குச் சற்றுக் கீழே, எட்டாத உயரத்தில் ஒரு விரிசல் இருந்தது. சாரம் கட்டித் தொட்டு அளக்க மூன்று நாள் ஆகும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கரைச்சுவரை ஒட்டிய இரும்பு மேடையிலிருந்து அக்கா அதைப் படம் எடுப்பார். முக்காலியின் கால்கள் நிற்பதற்கு அந்த மேடையில் மூன்று துளைகள் இருந்தன. படத்தைக் கணினியில் பெரிதாக்கி, விரிசல் எத்தனை புள்ளி அகலம் என்று எண்ணுவார். 2011 முதல் எட்டு ஆண்டுகள் அது பத்துப் புள்ளியாகவே இருந்தது.

அந்த எட்டு ஆண்டுகளும் எடுத்தது ஒரே கேமரா. உள்ளே கண்ணாடி வைக்காத, உள்ளங்கையில் அடங்கும் சிறிய மிர்ரர்லெஸ் வகை. ஒளியை வாங்கும் அதன் சென்சார் தபால்தலையைவிடச் சிறியது. வெளிச்சம் குறைந்தால் படமெங்கும் ரவை தூவியதுபோல் பொரியும். 2019 ஜூலையில் புதிய கேமரா வந்தது. அதுவும் மிர்ரர்லெஸ்தான், ஆனால் எட்டு ஆண்டுகள் பின்னால் பிறந்தது. சென்சார் நீளத்தில் ஏறத்தாழ இருமடங்கு, மொத்தப் புள்ளிகள் ஒன்றரை மடங்கு. பாலத்தடி இருட்டிலும் பளிச்சென்று எடுக்கும்.

பண்டகசாலைக் காப்பாளரிடம் ஒரு விதி உண்டு. பழையதை ஒப்படைத்தால்தான் புதியது. அக்காவிடமும் தாமே எழுதி மேசையில் ஒட்டிய ஒரு விதி இருந்தது. கருவி மாறினால், இரண்டையும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே பொருளின் மேல் ஒப்பிட வேண்டும். ஜூலை 16, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, புதிய கேமராவின் கனத்தைக் கையில் உணர்ந்த மகிழ்ச்சியில், அக்கா காப்பாளரின் விதியைக் கடைப்பிடித்துத் தம் விதியை மறந்தார். பழையது பெட்டிக்குள் போயிற்று. நண்பகலில் புதியதால் தூணைப் படம் எடுத்தார்.

இரண்டு மணிக்கு என் மேசைக்கு வந்தார். நான் அங்கே வரைவாளராக இருந்தேன்.

"கொஞ்சம் இதை எண்ணிப் பாருங்க. நான் எத்தனைன்னு சொல்ல மாட்டேன்."

எண்ணினேன். பதினாறு. மீண்டும் எண்ணினேன். பதினாறேதான்.

"எனக்கும் அதுதான் வருது" என்றவர் என் மேசையிலிருந்து ஒரு தாளை இழுத்துக் கணக்குப் போட்டார்.

புதிய கேமரா அதே காட்சியை அதிகப் புள்ளிகளாகப் பிரிக்கும்; மொத்தத்தில் ஒன்றரை மடங்கு என்றால், அகலவாக்கில் மட்டும் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு. அக்கா தாளில் போட்ட கணக்குப்படி, பழையதில் பத்து என்பது புதியதில் பன்னிரண்டரை ஆக வேண்டும். பதினாறு ஆகக் கூடாது. கணக்கு சரியென்றால் விரிசல் விரிந்துவிட்டது. கணக்கு தவறென்றால் ஒன்றுமே நடக்கவில்லை. பழைய கேமரா அதே இடத்தில் நின்று பத்து என்று சொன்னால் பாலம் நலம். அதற்கு மேல் சொன்னால் பாலத்தை உடனே மூட வேண்டும். ஐந்து மணிக்கு மில் விடும். ஆட்களை அடைத்துக்கொண்டு முதல் பேருந்து பாலத்தில் ஏறும்.

செயற்பொறியாளர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கணக்கைச் சோதிச்சுப் பார்த்தீங்களா?"

"இல்லை சார். பழசைக் காலையிலயே ஒப்படைச்சுட்டேன். என் தப்புதான்."

"சோதிக்காத கணக்கை வெச்சுப் பாலத்தை மூடச் சொல்றீங்க! மூணு வருஷம் முன்னாடி பதினோரு நாள் மூடினோமே, ஞாபகம் இருக்கா? கடைசியில பூச்சு உதிர்ந்ததுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் பத்தொன்பது கிலோமீட்டர் சுத்திப் போனவங்க என்னை வாயாலயே வறுத்தெடுத்தாங்க. புது கேமரா, புது கண்ணு. அதுக்குக் கூடுதலாத்தான் தெரியும்."

"தெரியலாம் சார். தெரியாமலும் இருக்கலாம்."

"அப்போ தெரிஞ்சுக்கிட்டு வாங்க. போன்ல இருப்பேன்."

பண்டகசாலைக் காப்பாளர் எழுந்திருக்கவேயில்லை.

"அக்கா, லெட்டர் இல்லாம இங்கேருந்து குண்டூசிகூட வெளியே போகாது."

"குண்டூசி வேண்டாம். காலையில நான் குடுத்த கேமராவைத் தா."

"காலையில குடுத்தது குடுத்ததுதான். பொண்ணைக் கட்டிக் குடுத்தப்புறம் சாயங்காலமே திருப்பிக் கேட்பாங்களா?"

"மாப்பிள்ளை சரியில்லைன்னா கேட்பாங்க! எடுடா!"

முப்பது ஆண்டுகளில் அவர் யாரையும் 'டா' போட்டு நான் கேட்டதில்லை. காப்பாளர் எழுந்தார். இருந்தாலும் பேரேட்டைத் திறந்து, இருவரிடமும் கையெழுத்து வாங்கி, உறையைப் பிரித்துக் கொடுக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. கேமராவின் மின்கலத்தில் ஒற்றைக் கோடு சிவந்திருந்தது. மின்னேற்றும் கருவி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று காப்பாளருக்குத் தெரியவில்லை. புதியதன் மின்கலம் பழையதில் நுழையாது.

நாங்கள் மேடையை அடைந்தபோது மணி நாலு ஐம்பது. வானம் மூடியிருந்தது. அக்கா முக்காலியின் கால்களைத் துளைகளில் இறக்கி, முதலில் புதியதைப் பொருத்தி மூன்று படம் எடுத்தார். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தது. என் மடிக்கணினியில் எண்ணினேன். மூன்றிலும் பதினாறு. பிறகு பழையதை மாட்டினார். அந்த வெளிச்சத்தில் அதன் ஒளியுணர்வை உயர்த்தினால் விரிசலின் ஓரமே ரவைக்குள் கரைந்துபோகும். உயர்த்தாவிட்டால் ஒளி போதுமான அளவு விழ இரண்டு நொடி திறந்து வைக்க வேண்டும். இரண்டு நொடி திறந்தார். அந்நேரம் மேலே ஒரு லாரி போயிற்று. மேடை நடுங்கியது. விரிசல் கட்டைவிரல் அகலத்துக்குக் கலங்கித் தெரிந்தது.

அடுத்ததற்கும் ஒரு வண்டி. அதற்கடுத்ததற்கும் ஒன்று. சிவப்புக் கோடு சிமிட்டத் தொடங்கியது. அக்கா கேமராவை அணைத்தார்.

"இனி வீணாக்க முடியாது. பாலம் அசையாம நிக்கணும்."

அவர் செயற்பொறியாளரைக் கூப்பிடவில்லை. தம் தம்பியைக் கூப்பிட்டார். மில் வாசலிலிருந்து புறப்படும் முதல் பேருந்தின் ஓட்டுநர் அவர்தான். மதியத்திலிருந்தே அந்த நினைவு அக்காவின் நெஞ்சில் இருந்திருக்கும். அதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒலிபெருக்கியில் போட்டார்.

"எங்கடா இருக்கே?"

"மில் வாசல்லதான்க்கா, கிளம்பப் போறேன். ஏன், தூக்குச்சட்டியை மறந்துட்டேனா?"

"பாலத்து முனையில வண்டியை நிறுத்து. மேல ஏத்தாதே."

"எதுக்கு?"

"பாலம் ஒரு நிமிஷம் அசையாம இருக்கணும். படம் எடுக்கணும்."

"ஆறு மணிக்கு மேல படம் எடேன்! எழுபது பேர் வீட்டுக்குப் போகணும்னு என் பிடரியில மூச்சு விடறாங்க."

"வண்டி மக்கர் பண்ணுதுன்னு சொல்லு. உன் வண்டிக்கு அது என்ன புதுசா?"

"அக்கா… ஏதாவது ஆபத்தா?"

"தெரியலைடா. அதைத்தான் பார்க்கணும்."

ஐந்து பதினொன்றுக்கு எதிர்க்கரையில் பேருந்து வந்து, பாலத்தின் வாயை அடைத்தபடி நின்றது. அதைக் கண்டு இந்தப் பக்கத்து வண்டிகளும் ஏறாமல் நின்றன. ஒலிப்பான்கள் அலறின. கடைசியாக ஏறியிருந்த சிறுலாரி ஒன்று பேருந்தை உரசிக்கொண்டு இறங்கியதும் மேடையின் நடுக்கம் மெல்ல அடங்கியது. அக்கா கேமராவை இயக்கினார். இரண்டு நொடி. இன்னொரு இரண்டு நொடி. மூன்றாவதற்கு விரல் வைத்தபோது திரை கறுத்துவிட்டது.

கேமராவின் நினைவு அட்டையை மடிக்கணினியில் செருகினேன். இந்த முறை அவரே எண்ணினார். ஓரம் கத்தி முனைபோல் தெளிவாக இருந்தது. முதல் படம் பதின்மூன்று. இரண்டாவது படம் பதின்மூன்று.

அவருடைய தாள்கணக்கு சரியாக இருந்தது. பழையதில் பதின்மூன்று என்றால் புதியதில் பதினாறு. இரண்டு கேமராக்களும் வெவ்வேறு எண்களில் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தன. எட்டு ஆண்டுகள் அசையாத விரிசல் மூன்று மாதத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக விரிந்திருந்தது.

செயற்பொறியாளர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"எத்தனை படம்?"

"ரெண்டு சார். பேட்டரி போயிடுச்சு."

"மூணு ஒத்துப்போகாம எதையும் கோப்புல சேர்க்காதவங்களாச்சே நீங்க?"

"கோப்புல சேர்க்கலை சார். பாலத்தை மூடச் சொல்றேன். மூணாவது படம் வர்ற வரைக்கும் அந்த பஸ்ஸை ஏத்திவிடச் சொல்றீங்களா?"

"அது உங்க தம்பி வண்டியாமே. இப்பத்தான் பணிமனையிலேருந்து போன் வந்தது."

"என் தம்பிங்கறதால நிறுத்தினேன்னு வெச்சுக்கங்க. மூடச் சொல்றது பதிமூணுங்கறதால."

மறுமுனையில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது.

"மூடுங்க" என்றார். "நானே வர்றேன்."

எழுபது பேரும் இறங்கி ஆளுக்கொரு பேச்சுப் பேசினார்கள். ஓட்டுநர்தான் அதிகம் வாங்கிக்கட்டிக்கொண்டார். பேருந்து பத்தொன்பது கிலோமீட்டர் சுற்றிப் போயிற்று. நான்காம் நாள் சாரம் கட்டிக் காரையைப் பெயர்த்தபோது, உள்ளே விரல் தடிமன் இருக்க வேண்டிய கம்பிகள் பென்சில் முனையாய் அரித்துப்போயிருந்தன. தூணைச் சுற்றிப் புதிய கான்கிரீட் போட்டுப் பாலத்தைத் திறக்க எட்டு மாதம் ஆயிற்று.

அக்கா கொடுத்த அறிக்கை அரைப் பக்கம்தான். அதன் முதல் வரி: 'ஒப்பிடாமல் பழைய கருவியை ஒப்படைத்தது என் பிழை.' அந்த வரியை எடுத்துவிடலாம் என்று செயற்பொறியாளரே சொன்னார். அக்கா மூன்று காலில் நின்றார். வரி அப்படியே இருக்கிறது. காப்பாளரின் விதி திருத்தப்பட்டது. இப்போது ஒப்பீட்டுப் படங்களைக் காட்டிய பிறகே பழைய கருவியை வாங்கிக்கொள்கிறார்கள். மின்னேற்றும் கருவியைத் தனியே ஆணியில் மாட்டியிருக்கிறார்கள்.

பாலம் திறந்தபின் ஒவ்வொரு முறையும் இரண்டு கேமராக்களையும் எடுத்துப்போனார். புதுத் தூணில் எண்ணுவதற்கு விரிசல் இல்லை. இருந்தாலும் ஒவ்வொன்றிலும் மும்மூன்று படங்கள் எடுத்தார். அந்த மேடையில் அவர் கடைசியாக முக்காலியை விரித்தது, பணி ஓய்வுக்கு மூன்று நாள் முன்பு, 2021 மே 28, வெள்ளிக்கிழமை.