காதர் அண்ணனின் கேம்ப்

காலைப் பலகாரத்தின்போது எங்கள் கைகளில் தேங்காய்ச் சட்னியும் பேப்பர் மையும் சேர்ந்தே மணக்கும். பள்ளிக்கூடம் அண்ணனுக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனதால், முன்பு டீச்சராக இருந்த அம்மா எங்களை வீட்டிலேயே வைத்துப் படிப்பித்தார்; காரைக்குடிச் சொந்தக்காரர்கள் பார்க்கும்போதெல்லாம் "புள்ளைக படிப்ப நிறுத்திப்புட்டீகளா?" என்று துக்கம் விசாரித்துக்கொண்டிருந்த காலம் அது. தினமும் ஒரு செய்தியை எடுத்து, இதை யார் சொன்னது, நேரில் பார்த்தது யார், இன்னும் தெரியாதது என்ன என்று அம்மா குடைவார். அண்ணன் அதற்கு "நோண்டுற பீரியடு" என்று பெயர் வைத்திருந்தான். கணக்குக்கு ஓடி ஒளிகிற நாங்கள் இரண்டு பேரும் அதற்கு மட்டும் கூப்பிடாமலே வந்து உட்காருவோம்.

ஒருநாள் அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு ரஹ்மத்தக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். அவர் கணவர் காதர் அண்ணன் வளைகுடாவில், தொழிலாளர்களைத் தங்கவைக்கும் கேம்ப் ஒன்றில் இருந்து வேலை பார்த்தார். பிழைக்க வெளிநாடு போவதை அவர்கள் வீட்டில் "சபர்" என்பார்கள்.

"டீச்சர், அவுக கேம்ப்பு எரியுதாம். காலையிலேருந்து அடிக்கிறேன், போன எடுக்கவே இல்ல. நீங்க பாத்துச் சொல்லுங்க."

அவர் போனில் யாரோ அனுப்பிய வீடியோ ஒன்று இருந்தது. ஒரு கட்டடத்திலிருந்து கரும்புகை எழ, கீழே சாலையில் வண்டிகள் தயங்கித் தயங்கிப் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் அதை ஓடவிட்டோம், நிறுத்தினோம், மறுபடி ஓடவிட்டோம். திடீரென்று அண்ணன் துள்ளினான்.

"வண்டியெல்லாம் நம்ம ஊரு மாதிரி இடது பக்கமால்ல போகுது! காதர் அண்ணன் பஸ்ஸிலேருந்து எடுத்து அனுப்புன வீடியோவுல வலது பக்கம்ல போச்சு. இது அந்த ஊரே இல்லம்மா, பொய்யி!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. துக்கம் விசாரித்த சொந்தக்காரர்களை எல்லாம் கூட்டி வந்து காட்டலாம் போலிருந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"வீடியோ பொய்யின்னு தெரிஞ்சிருச்சு. காதர் தம்பி எப்புடி இருக்குன்னு தெரிஞ்சுதா?"

அன்றைக்கு அம்மா வேறு எந்தப் பாடத்தையும் எடுக்கவில்லை. அண்ணன் கம்ப்யூட்டரில் அந்த ஊர்ச் செய்திகளைத் துழாவினான், ஒன்றும் அகப்படவில்லை. அம்மா வைத்த இட்லியைத் தொடாமல், ரஹ்மத்தக்கா போனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு செய்திக்குள் இப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லி ஓய்ந்த பிறகு போன் அடித்தது. அக்கா அவசரத்தில் எதையோ அழுத்திவிட, காதர் அண்ணனின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"நல்லாத்தான் இருக்கேன் புள்ள. டூட்டியில போன லாக்கர்ல வச்சிருவோம்ல." பிறகு சொன்னார்: "தீப்பிடிச்சது நெசந்தான். பக்கத்து கேம்ப்பு. ராத்திரி பூரா எங்களையும் வெளிய நிப்பாட்டிட்டாக. சொன்னா நீ பயப்படுவேன்னு சொல்லல."

அக்கா அப்போதுதான் உடைந்து அழுதார்.

"ஊரே எனக்குச் சொல்லுது, நீங்க சொல்ல மாட்டீகளா?"

நாங்கள் பொய்யென்று நிரூபித்த வீடியோவுக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு தீ எரிந்திருக்கிறது!

இப்போது எங்கள் வீட்டுக்குப் பேப்பர் வருவதில்லை. ரஹ்மத்தக்காவும் கணவரோடு சபர் போய்விட்டார். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். போன மழைக்கு, நான் இருக்கும் பகுதியில் கார்கள் மிதப்பதாக ஒரு வீடியோ சொந்தக்காரர்கள் குரூப்பில் வந்தது. பழைய வீடியோ என்று யாரோ உடனே கண்டுபிடித்துப் போட்டார்கள். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்திவிட்டு அடுத்த பேச்சுக்குப் போனார்கள். சற்று நேரத்தில் வெளிநாட்டிலிருந்து ரஹ்மத்தக்கா கூப்பிட்டார்.

"வீடியோ பொய்யின்னு உங்கம்மா சொன்னாக. நீ எப்புடி இருக்க புள்ள?"

என் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. பயப்படுவார்களே என்று வீட்டில்கூட நான் சொல்லவில்லை. அக்காவிடம் சொன்னேன்.