பால் சொட்டும் நேரத்தில் விட்ட மூச்சு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம். மலாக்காவில், கோலா சுங்கை பாருவுக்குச் சற்று உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பாலுக்காக ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தோம். எனக்கு அப்போது இளம் வயது. வாய் ரொம்ப நீளம், ஆனால் மூச்சுதான் கட்டை. மழை பிடித்தால் போதும், இழுப்பு வந்துவிடும். நெஞ்சுக்குள் பூனை கத்துகிறது என்று எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் கேலி செய்வார்கள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டிரெசர் ஒருவர் இருந்தார். மருந்து கொடுப்பவர் அவர்தான். யார் வேலைக்கு ஆவார், யார் ஆகமாட்டார் என்று துரைக்குச் சொல்பவரும் அவர்தான். ஆகாதவர்களை ஊருக்குக் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் என் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "அடுத்த மழைக்கும் இப்பிடி இழுத்தா நான் துரையிட்டச் சொல்லத்தான் வேணும் பிள்ளை" என்றார். எந்த ஊருக்கு ஏற்றுவார்கள்? நான் பிறந்ததே இந்த மலாக்கா மண்ணில்தான். கப்பல் போய் நிற்கும் நாகப்பட்டினத்தை நான் கனவில்கூடக் கண்டதில்லை.

டிரெசர் வீட்டுக்கு நான்தான் கீரை கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் மனைவிக்கும் என் வயதுதான் இருக்கும். படியேறும்போதே நான் இரைப்பதைக் கேட்ட அந்த அம்மா, சிறு வயதில் தனக்கும் இழுப்பு இருந்ததாகச் சொன்னார். தன் அப்பா பழக்கிவிட்ட மூச்சுப் பயிற்சியை எனக்குக் காட்டினார். நிமிர்ந்து உட்கார்ந்து மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடவேண்டும். கடைசியில் கைகால்களைத் தளரவிட்டு மல்லாந்து கிடக்கவேண்டும். அதற்குச் சவாசனம் என்று பெயராம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரியும், ஆனா ஒரு நாளும் விடாமச் செய்யும். இவருக்குச் சொல்லிப்போடாதையும், உதுகளை இவர் நம்பமாட்டார்" என்றார்.

லயத்தில் தனியாக இருக்க ஏது இடம்? எனக்கென்று கிடைத்தது பால் சொட்டும் நேரம்தான். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டுப் போய் மரமெல்லாம் சீவி முடித்தால், மரங்களில் கட்டிய மங்குகளில் பால் நிறையும்வரை காத்திருக்கவேண்டும். மற்றவர்கள் பசியாறிவிட்டுக் கதை பேசுவார்கள். நான் எனக்கு ஒதுக்கிய மர நிரையின் கோடியில் சாக்கை விரித்துக்கொள்வேன். இலைகளுக்கு நடுவே வெளிச்சம் பச்சையாய் இறங்கும். எங்கோ ஒரு ரப்பர்க் காய் வெடிக்கும். சுற்றிலும் மரங்கள் சொட்டிக்கொண்டே இருக்க, அந்தச் சொட்டோடு சேர்ந்து என் மூச்சும் இறங்கும். கொஞ்ச நேரத்தில் மூச்சு விடுவது நானா, மரமா என்றே தெரியாது. "இதென்னடி, உசுரோட பொணமாட்டம் கெடக்குற?" என்று வீட்டுக்காரர் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். நான் விடவில்லை. கப்பல் பயம் அப்படி.

மாதங்கள் போய், மழைக்காலமும் வந்தது. மழை விட்டு மரப்பட்டை காய்ந்திருந்த ஒரு காலையில் சீவி முடித்துவிட்டுப் படுத்தேன். காலில் முள் கீறி ரத்தம் வழிந்ததை நான் கவனிக்கவில்லை. மூச்சு எங்கோ அடியாழத்தில் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. உடம்பே இல்லாததுபோல் அத்தனை சுகம். அப்போது தூரத்தில் ஒப்பாரி கேட்டது. யாரோ போய்விட்டார்கள், ஐயோ பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று மனசு உருகியது. அப்புறம்தான் அந்த ஒப்பாரியில் என் பெயர் வருவது காதில் விழுந்தது.

பக்கத்து நிரை அக்காள்தான். தன் தலைத்துண்டால் என் காலை இறுக்கிக் கட்டிவிட்டு, "பாம்பு தீண்டிருச்சே! எல்லாரும் ஓடியாங்கலா!" என்று மாரில் அடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் ஓடிவந்து மண்ணில் விழுந்தார்.

"என்னைய விட்டுட்டுப் போயிட்டியாடி? இனிமே நான் யாருகூடச் சண்ட போடுவேன்?"

கண்ணைத் திறந்து, "ஏன், என்கூடத்தான்" என்றேன். "ஆத்தாடி!" என்று அலறிய அக்காள், பால் வாளியைத் தட்டிவிட்டு ஓடியே போனார்.

ஒன்றுமில்லை என்று நான் சொன்னதை யார் கேட்டார்கள்? விஷம் தலைக்கேறி உளறுகிறாள் என்று, படுத்திருந்த சாக்கோடு என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டிரெசர் காலைப் பார்த்து, "இது முள்ளுக் கீறல்" என்றார். பிறகு குழாயை எடுத்தார். எனக்கு நிஜமாகவே உயிர் போனது அப்போதுதான். மழைக்காலம். பூனை கத்தினால் கப்பல். அவர் முன்னால் வைத்துக் கேட்டார், முதுகில் வைத்துக் கேட்டார், மறுபடியும் முன்னால் வந்தார்.

"எங்க உம்மட இழுப்பு?"

சன்னலுக்கு வெளியே அவர் மனைவி நின்றிருந்தார். "விடாமப் பழகினவ, அதுதான்" என்றார். டிரெசர் அவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "சரி, போம் பிள்ளை. நாளைக்கு மரத்துக்குப் போம்." அவ்வளவுதான். நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன்.

அன்றைக்கு மங்குகளில் பால் உறைந்து கட்டியாகிப்போனதற்குக் கங்காணி போட்ட கூச்சல் தனிக்கதை. அத்தனை ஏச்சையும் வீட்டுக்காரரே வாங்கிக்கொண்டார். மறுநாள் அவரும் ஒரு சாக்கைக் கொண்டுவந்து என் பக்கத்தில் படுத்தார். அவருக்கு வந்தது சவாசனமில்லை, குறட்டை.

இழுப்பு அடியோடு போய்விடவில்லை. குளிர் கண்டால் எட்டிப் பார்க்கும், வந்த வழியே போய்விடும். வீட்டுக்காரர்தான் இப்போது இல்லை. காலையில் பாயை விரித்துக் கண்ணை மூடி மூச்சை மெல்ல விடும்போதெல்லாம், நான் பிறந்த மண்ணிலேயே என்னை இருக்கவைத்த மூச்சு இதுதான் என்று நினைத்துக்கொள்வேன். இனிமேல் யாரோடு சண்டை போடுவேன் என்று அவர் அழுத குரலும் கூடவே வந்து போகும்.