லான்மடாவில் ஒரு நரி ரோமக் கோட்டு

யாங்கோனில் வேர்த்து ஊற்றுகிறது. இங்கே லான்மடா பேட்டையில் காசிம் பாயின் கடை முழுக்கக் குளிர்காலக் கோட்டுகள். குளிர்நாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இவரிடம்தான் பழைய உடுப்பு வாங்குகிறார்கள். மின்விசிறிக் காற்றில் ஒரு நரி ரோமக் கோட்டின் கழுத்து சிலிர்க்கிறது.

“இதுக்காகவே நரியைக் கூண்டுல வளர்த்துக் கொல்றாங்க, பாய்” என்கிறேன். ஐரோப்பாவில் இந்த ரோமப் பண்ணைகளையும் ரோம விற்பனையையும் தடை செய்யக் கோரும் குடிமக்கள் மனுவுக்கு ஜெர்மனியில் என் மகள் கையெழுத்துத் திரட்டுவதையும் சொல்கிறேன்.

கையெழுத்து என்றதும் அவர் குரல் இறங்குகிறது. “இந்த ஊர்ல எதுலயும் பேரு எழுத பயம், சயா” என்கிறார்; பர்மியத்தில் ஐயா என்பதற்குச் சயா. “என்னய விட்டுருங்க.”

“அது அந்த ஊர்க்காரங்களுக்குத்தான். நானே போட முடியாது.”

நிம்மதியாகச் சிரித்து, ஃப்ளாஸ்கிலிருந்து எனக்குத் தேநீர் ஊற்றுகிறார். அதற்குள் ஜப்பானுக்குப் போகவிருக்கும் ஒரு பெண் வந்து அந்த ரோமக் கோட்டைத் தடவிப் பார்க்கிறாள். பாய் பர்மியத்தில் ஏதோ சொல்ல, முகத்தைச் சுளித்துக் கையை எடுக்கிறாள். கம்பளிக் கோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போகிறாள்.

“என்ன சொன்னீங்க?”

“பூனை மூத்திரம் அடிச்சுருச்சு, நாத்தம் போகலன்னேன்.” கோட்டை இறக்கி மடித்து மேசைக்கு அடியில் தள்ளுகிறார்.

கடையில் பூனையே இல்லை.